பதினோரு நிமிடச் சுற்று

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு படிவத்தில் ஒரு வரி எழுதச் சொன்னார்கள். அந்த ஒரு வரி வராததால்தான் இத்தனை பக்கம்.

என் பெயர் சுபத்திரா. மலேசியாவில், ஜொகூர் பாருவில், தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு பேருந்துக் கம்பெனியில் வேலை. நாற்பத்து மூன்று பேருந்துகள் என் கணினித் திரையில் நாற்பத்து மூன்று பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். போன திங்கட்கிழமை மதியம், அதில் ஒரு புள்ளி பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சந்துக்குள் நுழைந்து, சுற்றி, வெளியே வந்தது. யாரும் ஏறவில்லை. ஏறியிருந்தால் அட்டையைத் தட்டியதும் திரையில் பெயர் விழும். பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் அதே சந்து, அதே சுற்று, பதினோரு நிமிடம். இரண்டு வருடமாக ஆளே இல்லை.

எனக்குக் கை சும்மா இருக்காது. படத்தில் சிவப்பு வட்டம் போட்டு மேனேஜர் மனோகரனுக்கு அனுப்பினேன். கெட்டிக்காரி என்று பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு படிவத்தோடு என் மேசைக்கே வந்துவிட்டார்.

ஓட்டுநர்: வீரமுத்து.
விலகல்: 11 நிமிடம்.
காரணம்: 

காரணத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்.

"நீங்கதானே கண்டுபிடிச்சீங்க, நீங்களே விசாரிச்சு எழுதிருங்க. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள. காரணம் நியாயமா இருந்தா விட்டுருவோம் லா. இல்லன்னா வேலைய விட்டு நிறுத்துறதுதான். அம்பத்தெட்டு வயசுல வேற ரூட்ட எங்க போய்ப் படிக்கப் போறாரு?"

ஆக, ஒரு மனிதரின் பிழைப்பு என் இரண்டு விரல் அகலத்தில் மாட்டிக்கொண்டது. மாட்டிவிட்டதும் நானேதான்.

2

கதையாக எழுதிப் பார்த்தால் காரணம் தானே வந்து விழும் என்று நினைத்தேன். தொடக்கங்கள் வந்து விழுந்தன.

முதல் தொடக்கம்: "மதிய வெயிலில் வீரமுத்து தன் பேருந்தைத் தன் மனத்தைப் போலவே மெல்ல மெல்லத் திருப்பி..." வேண்டாம். பேருந்தை அப்படித் திருப்பினால் எதிரே வரும் லாரிக்காரன் நல்ல வார்த்தை நாலு சொல்வான்.

இரண்டாம் தொடக்கம்: "நகரம் என்பது..." இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கிய எதையும் நான் இரண்டாம் பக்கம் வரை படித்ததில்லை.

மூன்றாவது கொஞ்சம் தேவலை:

வீரமுத்துவுக்கு பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தெருப் பெயரும் தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே பெயரும் இல்லை, எல்லாம் எண்கள். ஐந்துக்கு அடுத்து ஆறு வரும் என்று நம்பிப் போனால் பன்னிரண்டு வந்து நிற்கும். அதனால் அவர் எண்களை நம்புவதில்லை. சிவப்புச் சீனக் காகித விளக்குத் தொங்கும் வீடு, அதைத் தாண்டினால் பேச்சியம்மாள் ஏறும் இடம். மூன்று நாய் குரைக்கும் இரும்புக் கேட்டு, அதன் எதிரில் அக்கா தங்கை இரண்டு பேர். ரொட்டிச் சானாய்க் கடை வாசலில் லோஷினி, எப்போதும் போனும் கையுமாக. அவருக்கு ஊர் என்றால் ஒருவருக்குப் பின் ஒருவர்.

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சந்தில் யார்?

3

யாராவது ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அங்கம்மா என்று பெயர் வைத்தேன். நெற்றியில் பெரிய பொட்டு, நீலக் குடை. தினமும் அந்தச் சந்து முனையில் நிற்பாள், ஏறும்போது ஒரு வார்த்தை சொல்வாள். ஒரு நாள் நிற்கவில்லை. அவர் இன்னமும் போய்ப் பார்க்கிறார். இரண்டு வருடமாக, பதினோரு நிமிடம்...

எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போனது. படிவ விஷயத்தையும் சொல்லி லோஷினிக்கு அனுப்பினேன். அவள் அந்தப் பேருந்தில் போகிறவள். பேருந்து ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாள். அப்படித்தான் பழக்கம். பத்து நிமிடத்தில் அழைத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"அக்கா, அங்க ஏறுனது ராசம்மா ஆன்ட்டி லா! எல்லாரையும் திட்டுவாங்க, அங்கிளத்தான் ரொம்பத் திட்டுவாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்ன அவங்க குலாய் டவுனுக்கு வீடு மாறிப் போனப்ப அங்கிள் எங்களுக்கு வடை வாங்கிக் குடுத்தாரு."

அங்கம்மாவை அழித்தேன். நீலக் குடையை அழிக்க மனசு வரவில்லை, அதனால் மேலே அப்படியே இருக்கிறது.

4

(இங்கே நானும் ஒரு விலகல் எடுத்துக்கொள்கிறேன். பதினோரு நிமிடம் ஆகாது.)

ஆபீசில் ஐந்து பேரிடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து ஜொகூர் பாருவை வரையச் சொன்னேன். முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் தாளின் முக்கால்வாசிக்குக் கடல்பாலத்தையும் சோதனைச் சாவடியையும் வரைந்தார். மிச்ச ஊர் ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி. காலையில் மூன்று பிள்ளைகளை மூன்று பள்ளிகளில் இறக்கிவிடும் பெண் மூன்று பள்ளிகளை மட்டும் வரைந்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். டெலிவரி வேலைக்குப் போய்வந்த பையனின் படத்தில் ஒரு கட்டடமும் இல்லை, எல்லாம் சிக்னல் விளக்குகள், எது எவ்வளவு நேரம் சிவப்பு என்று விநாடியோடு. மற்ற இருவரும் அவரவர் வீட்டை நடுவில் வைத்தார்கள். நானும் வரைந்தேன். மூன்று பேரங்காடிகள், நடுவே வெறும் தாள். அந்த வெறும் தாளில்தான் தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டுகிறேன்.

ஆறு பேர், ஆறு ஊர். ஆனாலும் எல்லாரும் எட்டரைக்கு ஆபீஸ் வந்துவிடுகிறோம். எப்படி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

மனோகரன் சார் வரைய மறுத்துவிட்டார். "எதுக்கு லா, போன்தான் இருக்கே."

[குறிப்பு: மனோகரன் சார் மூன்று வருடமாக வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் சொல்லும் வழியில்தான் வருகிறார். ஒரு நாள் போனில் சார்ஜ் தீர்ந்து, ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டு யாரிடமோ போன் இரவல் வாங்கி என்னைக் கூப்பிட்டார். நான்தான் வழி சொன்னேன். அதற்கு யாரும் படிவம் நிரப்பவில்லை.]

5

புதன்கிழமை நானே அந்தப் பேருந்தில் ஏறினேன். இனி நான் முன் இருக்கையில் இருக்கிறேன். கதை மட்டும் அவர் தலைக்குள் நடக்கட்டும்.

ஆபீஸ்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது வீரமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. கையில் பேனா வேறு. வானொலியைக் குறைத்துக்கொண்டார். பெர்மாஸ் பாலம் தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, இன்னிக்கி அந்தச் சந்துக்குள்ள போவாம நேரா போய்ப் பாருங்களேன்."

"அதுக்கென்ன மேடம், போயிருவோம்" என்றார்.

நேரே என்றால் நேரே. அதில் என்ன இருக்கிறது? சந்து முனை வந்தபோது கை தானாக இடது பக்கம் போனது, பிடித்து நிறுத்தினார். அடுத்த சிம்பாங் வந்தது, நாலு சாலை கூடும் சந்திப்பு. வழக்கமாக அவர் சந்திலிருந்து இதே இடத்துக்குத்தான் வெளியே வருவார், நீலத் தண்ணீர்த் தொட்டி நேர் எதிரே நிற்கும், அதற்கு இடப்புறம் திரும்பினால் சிவப்பு விளக்கு வீடு. இன்று தொட்டி வலது தோளுக்குப் பின்னால் நின்றது. நாலு பக்கமும் சாலை. நாலு பக்கமும் ஒரே மாதிரி வரிசை வீடு, ஒரே மாதிரி கேட்டு. ஆறு வருடமாகத் தாண்டிப் போன சிம்பாங் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

(அவருக்கு வியர்த்தது. இது கற்பனை இல்லை, நான் பார்த்தேன்.)

வலது பக்கம் திருப்பினார். விளையாட்டுத் திடலில் போய் முட்டி நின்றது. பின்னால் எடுத்தார். ஒரு கேஸ் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். ஏற்கெனவே ஏறியிருந்த ஒன்பது பெண்களும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. "அங்கிள், எங்க இருக்கீங்க? பேச்சியம்மா அக்காவும் அங்க வெயில்ல நிக்கிறாங்களாம்" என்று லோஷினி கத்துவது எல்லாருக்கும் கேட்டது. அவரால் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை.

பேருந்தைத் திருப்பி, வந்த வழியே போய், சந்துக்குள் நுழைந்தார். காலியாகக் கிடந்த ராசம்மாவின் முனையில் ஒரு கணம் நின்றார். சுற்றி வெளியே வந்தார். தொட்டி எதிரே நின்றது. அதற்குப் பிறகு கை தானாக ஓடியது.

அன்று தொழிற்சாலைக்குப் பத்தொன்பது நிமிடம் தாமதம். அந்தத் தாமதம் என்னால்.

6

எல்லாரும் இறங்கிப் போனபின் அவர் எஞ்சினை அணைத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவர் குறுக்கே பேசினார்.

"மேடம், நான் பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவன். பதினஞ்சு வயசுல பால்மரம் வெட்டப் போனேன், பட்டையக் கீறிப் பால் எடுக்குற வேல. ஐந்நூறு மரம், எல்லாம் ஒரே மாதிரி நிக்கும். மேப்பா குடுத்தாங்க? ஒரு மரத்த வெட்டுனா அடுத்த மரம் கண்ணுக்குத் தெரியும், அவ்ளோதான். அப்படியே போனா நிரை, அதான் நம்ம வரிசை, முடியும். நடுவுல பட்டமரம் இருக்கும், பால் வராது. அதயும் போய்த் தொட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவணும். பால்தான் இல்லையேன்னு தாண்டுனா நிரை மாறிரும், அடுத்தவன் மரத்த வெட்டிக்கிட்டு நிப்போம்."

"அந்தச் சந்து..."

"அங்க ஆள் இல்லன்னு எனக்குத் தெரியாதா? தெனம் பாக்குறேனே. அதத் தொடாம எனக்கு அடுத்தது வராது."

(இங்கே எழுத்தாளர் ஏதாவது அழகாகச் சொல்ல வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அந்தச் சிவப்பு வட்டத்தைப் போட்ட விரலை என்ன செய்யலாம் என்றிருந்தது.)

"இத எழுதட்டுமா, அண்ணே?"

ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"என்ன வேணா எழுதுங்க. வழி தெரியாதவன்னு மட்டும் எழுதாதீங்க. ஆறு வருசத்துல ஒரு ஆள விட்டுட்டுப் போனதில்ல நான்."

7

வியாழக்கிழமை காலை முழுதும் கட்டத்தில் எழுதி எழுதி அழித்தேன்.

"சாலைப் பராமரிப்பு." இரண்டு வருடமாகவா? ஜொகூர் பாருவிலேயே அது நடக்காது.

"பழக்கம்." இதை எழுதினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஓட்டுநர் வழியை இடங்களின் தொடர்ச்சியாக நினைவில் வைத்திருப்பதால், ஒரே சந்திப்பை வேறு பக்கத்திலிருந்து அணுகும்போது..." கட்டம் நிறைந்துவிட்டது. இதை மனோகரன் சார் படித்தால் அவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: வழி மறக்கும் டிரைவர்.

மதியம் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அந்தப் புள்ளி சந்துக்குள் நுழைந்தது. நின்றது. திரையில் ஒரு பெயர் விழுந்தது.

பேச்சியம்மாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சியம்மாள் ஏறுவது அடுத்த நிறுத்தத்தில். அங்கிருந்து சந்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும், அவருக்கு முட்டிவலி வேறு. லோஷினியை அழைத்தேன்.

"நேத்து கேன்டீன்ல மீட்டிங் போட்டோம்கா. ஒரு மாசத்துக்கு, தெனம் ஒரு ஆள் அந்தச் சந்துல போய் நிப்போம். ஆள் ஏறுனா உங்க ஸ்க்ரீன் கேள்வி கேக்காதுல்ல? இன்னிக்கிப் பேச்சியம்மா அக்கா, அவங்க மவன் மோட்டார்ல கொண்டாந்து விட்டாரு. நான்தான் மொதல்ல நிப்பேன்னு ஒரே அடம்."

"ஒரு மாசத்துல என்ன ஆகும்?"

"ஞாயித்துக்கெழம என் அண்ணன் கார்ல அங்கிள ஏத்திக்கிட்டு, அந்தச் சிம்பாங்குக்கு நாலு பக்கத்துலேருந்தும் போவோம். போவோம், வருவோம், போவோம், வருவோம். பழகிருவாரு லா."

"பழகலன்னா?"

"அலமாக், அக்கா! ஒரு மாசம் மொதல்ல வாங்கிக் குடுங்களேன்!"

8

இன்று வெள்ளி. சந்தில் விழுந்த பெயர் லோஷினி. மணி நாலரை.

இந்தக் கதைக்கு முடிவுகள் பல இருக்கின்றன. ஒன்றில் வீரமுத்து நாலே ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சிம்பாங்கை நாலு பக்கத்திலிருந்தும் கற்றுக்கொண்டு, பதினோரு நிமிடத்தை மிச்சம்பிடித்துப் பாராட்டுக் கடிதம் வாங்குகிறார். அது எனக்கே நம்பிக்கையாக இல்லை. இன்னொன்றில் அவருக்குப் பழகவே இல்லை, பெண்கள் முறை வைத்து வருடக்கணக்கில் அந்தச் சந்தில் போய் நிற்கிறார்கள், புதிதாக வேலைக்குச் சேருகிறவளுக்கும் "செவ்வாய்க்கிழம உன் முறை" என்று சொல்லித் தருகிறார்கள். இதை நான் நம்புகிறேன். மூன்றாவதில் மனோகரன் சார் பழைய பதிவைத் திறந்து, இரண்டு வருடம் யாரும் ஏறாத இடத்தில் வியாழக்கிழமை முதல் எப்படி ஆள் முளைத்தது என்று கேட்கிறார். அப்போது வீரமுத்துவோடு என் வேலையும் போகும்.

"பயணி ஏறுகிறார்" என்று எழுதலாம். நேற்றிலிருந்து அது உண்மை. படிவத்தின் தேதியோ திங்கட்கிழமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனோகரன் சார் தமிழ் படிப்பார். அதனால் அவர் பெயர் அதுவல்ல, வீரமுத்துவின் பெயரும் அதுவல்ல. தண்ணீர்த் தொட்டியை நான் வேறு இடத்தில் தூக்கி வைத்திருக்கிறேன், நிறத்தையும் மாற்றிவிட்டேன். இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தைத் தேடிப் போனால் நீங்களும் எங்காவது திடலில் போய் முட்டி நிற்பீர்கள். நின்றால், அங்கிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.

கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் எழுதிய எதுவும் அதில் அடங்கவில்லை. அதனால் உங்கள் பக்கம் தள்ளுகிறேன்.

காரணம்: 

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். வழி தெரியாதவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்னும் பத்தொன்பது நிமிடம் இருக்கிறது.