ஆமீன் சொல்லும் வரை

புருல் கொதிக்கும் எண்ணெயிலிருந்து போர்சோக் மாவுத்துண்டுகளை அரித்து எடுத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் டோக்தோசுன் வந்தான். கையில் ஆட்டுத்தொடை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அடுப்போரம் படுத்திருந்த நாயைப் பார்த்தான்.

“இன்னுமா அண்ணி இதை உள்ள வச்சிருக்கீங்க?”

“வேற எங்க வைக்கச் சொல்ற? நாலாவது மாடியிலருந்து தள்ளிவிடவா?”

“இன்னிக்கு அண்ணன் போய் வருஷம் நிறையுது. நாய் இருக்கற வீட்டுக்குள்ள வானவருங்க வர மாட்டாங்க. மோல்தோ எப்படி குர்ஆன் ஓதுவாரு?”

“ஒரு வருஷமா வானவரும் வரல, நீயும் வரல. இதுதான் வந்துச்சு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டான்.

சுரங்கத்தை மூடிய பிறகு அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் காலி. கதவுகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் மாஸ்கோவில். பேசினால் உடம்பு எப்படி என்று கேட்பான், அவள் பதில் சொல்வதற்குள் யாரோ அவனை வேலைக்குக் கூப்பிடுவார்கள். கணவன் இறந்த குளிர்காலத்தில் ஒருநாள் ரொட்டிக் கடையில் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. விரலால் காட்டி வாங்கினாள். கடைக்காரி அவளை ஊமை என்று நினைத்து உரக்கப் பேசினாள். திரும்பும்போது நெஞ்சு மட்டும் வெளுத்த ஒரு நாய் படியேறிப் பின்னாலேயே வந்தது. “போ” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த சொல் அது. நாய் போகவில்லை. அக்தோஷ், வெள்ளைநெஞ்சு, என்று பெயர் வைத்தாள். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்ததும் குரல் திரும்பிவிட்டது. சூப்பில் உப்பு கூடிப்போனதையும், முழங்கால் வலியையும், செத்தவன்மேல் இருந்த கோபத்தையும் அதனிடம் சொன்னாள். பாசம் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. நாய்க்கு எலும்பு வேண்டும், அவளுக்கு ஒரு காது வேண்டும்.

“கீழ கம்பத்துல கட்டுறேன்,” என்றாள். “யாரும் அவுக்கக் கூடாது. நேத்துலருந்து தெருநாய் சுடுற வண்டி சுத்துது. கட்டியிருந்தா ஆள் இருக்குதுன்னு விட்டுருவாங்க.”

“தெரியும் அண்ணி. நான் என்ன பச்சப்புள்ளையா?”

விரிப்பைச் சுற்றி உறவுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். ஓத வந்த மோல்தோ தொண்டையைச் செருமியபோது கீழே அக்தோஷ் ஊளையிட்டது. நீளமான ஊளை. இறந்தவனுக்காகக் கூடிய வீட்டில் நாய் ஊளையிட்டால் இன்னொரு உயிரைக் கேட்கிறது என்று அர்த்தம். கர்ப்பமாக இருந்த ஒருத்தி வயிற்றை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். மோல்தோ ஆரம்பிக்காமல் காத்திருந்தார்.

டோக்தோசுன் எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் ஊளை நின்றது. அவன் திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“என்ன செஞ்ச?”

“சமாதானமாயிருச்சு அண்ணி. விடுங்க.”

மோல்தோ ஓதத் தொடங்கினார். அப்போதுதான் அவன் கோட்டுப் பையிலிருந்து தொங்கிய, அக்தோஷைக் கட்டிய கயிற்றின் நுனி அவள் கண்ணில் பட்டது.

ஓதி முடித்து ஆமீன் சொல்லும்வரை யாரும் எழக்கூடாது. பாதியில் எழுந்தால் இறந்தவனுக்குச் சேர வேண்டியது சேராமல் போய்விடும். ஒரு வருஷமாகக் கணவனுக்கு அவளால் செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான். தெருவில் ஒரு வண்டி மெதுவாக வரும் சத்தம் கேட்டது. அவள் ஒரு காலை ஊன்றினாள். பக்கத்தில் இருந்த கிழவர் கண்ணைத் திறக்காமலே அவள் அங்கியின் ஓரத்தைத் தரையோடு கையால் அழுத்தினார். வண்டி நின்றது. அவள் ஊன்றிய காலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

வெடிச்சத்தம் ஒருமுறைதான் கேட்டது. மோல்தோ குரலைச் சற்று உயர்த்தி ஓதினார். டோக்தோசுன் விரிப்பில் கிடந்த திராட்சைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எல்லோரும் உள்ளங்கைகளை ஏந்தினார்கள். கணவன் பெயர் சொல்லப்பட்டது. ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டு தட்டுகளுக்குக் கை நீட்டினார்கள். யாரோ இறைச்சி நன்றாக வெந்திருப்பதாகச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு அனார்கான் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள். புருலின் கைகள் இன்னும் ஏந்தியபடியே இருந்தன. கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அனார்கான் அதைப் பிடித்தபடி நின்றாள்.