மழுங்காத பிளேடு

1

இந்தக் கதை இப்போது என் மடியில் இருக்கிறது. தினத்தாளில் சுற்றிச் சாக்குத்துணியால் கட்டிய வட்டமான ஒரு பொட்டலம். உள்ளே இருப்பது பலகை அறுக்கும் பிளேடு. கோத்தகிரியில் அலமாரிக்குப் பலகை வெட்டப் போனவன், இங்கிருந்து மேட்டுப்பாளையம் போகிறேன் என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அங்கே ஒரு சாணைக்கடையில் இதைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கொடுத்தவர் பிலோமி என்ற பெண். மரம் அறுக்கும் பட்டறை அவருடையதுதான். பொட்டலம் கட்டுவதற்கு முன் பிளேடின் பல்லில் என் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகத்தைச் சீவியது.

"நல்லாத்தானே இருக்கு? இதுக்கு எதுக்குச் சாணை?"

"நீங்க பலகை வெட்ட வந்தீங்களா, பிளேடு பாக்க வந்தீங்களா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு சொன்னார்: "எப்பவும் கண்டக்டர்கிட்டத்தான் குடுப்பனுங்க. அவரு கடையில போட்டுட்டுப் போயிருவாரு. நீங்க கடைக்காரரு கையிலயே குடுங்க."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதையெல்லாம் நான் இந்த பஸ்ஸில் உட்கார்ந்து இட்டுக்கட்டுகிறேன். மலை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

2

மூடுபனி மெல்ல இறங்கித் தேயிலைச் செடிகளின் மீது

(வேண்டாம். நீலகிரிக் கதை என்றால் முதல் வரியிலேயே மூடுபனியை இறக்கிவிடும் வியாதி எனக்கு உண்டு.)

பிலோமிக்கு நாற்பத்தைந்து வயது

(இதுவும் வேண்டாம். வயதைச் சொன்னதும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பீர்கள். ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள், ஊரில் கேட்டவர்கள் போதும்.)

பிலோமி வெட்டிய பலகையின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஒரு சிலாம்பு ஏறாது. கட்டை மரத்துக்குப் பல் குறைந்த பிளேடு, பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் பல் நெருங்கிய பிளேடு என்று பார்த்துத்தான் மாட்டுவார். மேசை ரம்பத்தில் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி பலகையை வைத்து, அவசரமே இல்லாமல் தள்ளுவார். அப்படிப்பட்டவர் வெட்டிய பலகை ஒருநாள் ஓரம் கருகி வந்தது. பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து பஸ்ஸில் போட்டுக் கீழே அனுப்பினார். மறுநாள் போன் வந்தது. பிலோமி எடுத்து

(கொண்டை ஊசி வளைவு. பேனா எங்கோ போய்விட்டது.)

3

"ஏனுங்க, கோத்தகிரிங்களா? சாணைக்கடை நாச்சிமுத்து பேசறனுங்க. உங்க பிளேடு மழுங்கலீங்க."

"பலகை கருகுதுங்களே."

"பிளைவுட்டுப் பசை பல்லுல ஏறி உக்காந்திருக்குதுங்க. சுடுதண்ணியில சலவைச் சோடா போட்டு ஊற வெச்சு, பழைய பிரஷ்ஷுல தேச்சாப் போதும். சும்மா சும்மா சாணை புடிச்சா பல்லு தேஞ்சு போயிருமுங்க." போனை வைக்கப்போனவர் கேட்டார்: "மேல இப்பக் குளிருங்களா?"

"குளிருதுங்க," என்றார் பிலோமி.

பட்டறைக்கு வருகிறவர்கள் அளவு சொல்வார்கள், எப்போது கிடைக்கும் என்பார்கள். குளிருகிறதா என்று அவரை யாரும் கேட்டதில்லை. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே கிடந்தது. அன்றிலிருந்து மற்ற பிளேடுகளைச் சோடாத் தண்ணீரில் தானே கழுவினார். இந்த ஒன்று மட்டும் மாதாமாதம் பஸ் ஏறியது. ஒவ்வொரு முறையும் நாச்சிமுத்து கூப்பிடுவார், பிளேடு வந்துவிட்டது என்பார், கடைசியில் அதைக் கேட்பார். அந்தக் கடைசிக்காகத்தான் பிலோமி முதலில் இருந்து காத்திருப்பார்.

4

இங்கே எனக்கே பிலோமி மேல் சந்தேகம் வருகிறது. ஒரு பல் சேதமானாலும் சோறு இறங்காதவர், நல்ல பிளேடைத் தேயக் கொடுப்பாரா? சாணை பிடிக்கப் பிடிக்கப் பல் குட்டையாகும். ஒரு குரலைக் கேட்க ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் பிளேடு போகும். அது பிலோமிக்குத் தெரியாது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தெரியும். தெரிந்தே அனுப்பினார். ஏக்கம் என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

(பிளேடு திரும்பி வரும்போது அதை உற்றுப் பார்க்க மட்டும் அவருக்குக் கூச்சம். கட்டைப் பிரித்ததும் அப்படியே ஆணியில் மாட்டிவிடுவார்.)

அதனால்தான் இவ்வளவு நாள் தெரியாமல் போனது. அதே மாதிரி புது பிளேடு ஒன்று வாங்கியவர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல் இரண்டிலும் ஒரே உயரம். பழையதில் சாணைக்கல் பட்ட கோடே இல்லை. நாச்சிமுத்து ஒரு தடவைகூடச் சாணை பிடிக்கவில்லை. கழுவித் துடைத்து எண்ணெய் பூசி அனுப்பியிருக்கிறார்.

அப்படியானால் பிளேடு எதற்காக வருகிறது என்று அவருக்கும் தெரியும். பிலோமி பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்து என்ன?

அ. பிலோமியே பஸ் ஏறிக் கீழே போகிறார். (எழுத ஆசைதான். சினிமாவாகிவிடும்.)

ஆ. நாச்சிமுத்து நல்ல தொழில்காரர், யாருடைய பிளேடையும் வீணாக்க மாட்டார், குளிரைக் கேட்டது வெறும் மரியாதை. வெட்கத்தில் பிலோமி அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். (இதை எழுத முடியாது. பொட்டலம் என் மடியில் இருக்கிறதே.)

இ.

5

இ-யை எழுதுவதற்குள் மேட்டுப்பாளையம் வந்துவிட்டது.

சாணைக்கடையில் கண்ணாடி போட்ட ஒருவர் வேலையாக இருந்தார். நான் நாச்சிமுத்து என்று பெயர் வைத்தவர். நிஜப் பெயரை நான் கேட்கவில்லை. பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. தரையில் குவிந்து கிடந்த பிளேடுகளோடு போடாமல், பின்னால் இருந்த அலமாரியில் தனியாக வைத்தார்.

"மேல இப்பக் குளிருங்களா?" என்றார்.

மலையிலிருந்து இறங்குகிற யாரையும் இந்த ஊரில் கேட்கிற கேள்விதான். அதனால்தான் கதையிலும் அதைப் போட்டேன். ஆனால் இவர் பதிலைக் கேட்பதற்காகச் சாணைக்கல்லை நிறுத்திவிட்டார். அது சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே எனக்குக் குளிரவில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் சட்டையோடுதான் இருந்தேன். அவர் கேட்டது என்னைப் பற்றி இல்லை. நான் இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறேன். பிலோமியை உங்களுக்கும் இப்போது தெரியும். குளிருகிறதா இல்லையா, நீங்கள் சொல்லுங்கள் இவரிடம்.