சுருங்காத தேக்கு

ரூபன் அன்று காலை இட்லியைத் தொடாமலே புது நாற்காலியை வேனில் ஏற்றினான். பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரியில் மரப் பேட்டர்ன் செய்துகொண்டிருந்தவன் அவன். உருக்கிய இரும்பை ஊற்ற மண்ணில் அச்சு எடுப்பார்களே, அதற்கான மர உருவம்தான் பேட்டர்ன். அந்த மாதச் சம்பளத்தை உதறிவிட்டு நாற்காலி செய்யப் போகிறேன் என்று கிளம்பியபோது சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிலர் வாயை மூடவும் இல்லை. மனைவி கயல்விழி மட்டும் பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் கிடைத்த முதல் ஆர்டர் இது. நன்றாக அமைந்தால் நாலு பேர் தேடி வருவார்கள். சொதப்பினால் மறுபடி ஃபவுண்டரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆர்டர் கொடுத்தவர் அன்னூர் பாலுசாமி. தோட்டம் உண்டு, பம்ப் கம்பெனி உண்டு. ஆனால் வருகிறவர்களிடம் அவர் பெருமையாகக் காட்டுவது ஒரு நாற்காலியைத்தான். ஐம்பதுகளில் நூல் மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த டென்மார்க் இன்ஜினியர் ஒருவர் கூடவே கொண்டுவந்தது. அவர் ஊர் திரும்பும்போது ஏலம் விட, பாலுசாமியின் அப்பா எடுத்தார்.

பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பூவேலை கிடையாது, சிங்கமுகம் கிடையாது. முதுகும் இரண்டு கைகளும் ஒரே வளைவாக ஓடும். எங்கே ஒட்டினார்கள் என்று தேடினால், விரல்களைக் கோத்தது போன்ற பூட்டு லேசாகத் தெரியும். கால்கள் நடுவில் சற்றுப் பருத்து நுனியில் மெலியும். உட்காரும் இடம் பிரம்புப் பின்னல். ஆணி ஒன்றுகூட இல்லை. ரூபனுக்குப் பார்த்த நிமிடமே காதல் வந்துவிட்டது. கயல்விழி கோபித்துக்கொள்ளவில்லை, அவளுக்கும் அதே நிலைமைதான்.

"இதுக்கு ஒரு ஜோடி வேணுமுங்க தம்பி. கொடுமுடிக் கோயில்ல அறுபதாங் கல்யாணம் முடிச்சு ஊட்டுக்கு வந்தா, அம்மணியும் நானும் ஒண்ணுபோல உக்காரோணும். ஒரு நூல்கூடப் பெசகக் கூடாதுங்க" என்று சொல்லியிருந்தார் பாலுசாமி.

அம்மணி என்பது அவர் மனைவி மாரியாத்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த நாற்காலியைத் துடைத்து வைத்தவர். உட்கார்ந்தது இல்லை. அது வீட்டு ஆண்களின் இடம்.

நாற்காலியைப் பட்டறைக்கு அனுப்பப் பாலுசாமிக்கு மனம் வரவில்லை. ரூபன் அங்கேயே டேப் பிடித்து அளந்துபோய், தேக்கில் இழைத்து இழைத்து முடித்தான். இதோ, கயல்விழியும் அவனும் புதியதை வேனிலிருந்து இறக்கி, பாலுசாமி வீட்டுக் கூடத்தில் பழையதன் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

புதியது ஒரு விரல் கனம் உயரமாக நின்றது. அகலமும் கூடுதல்.

ரூபனின் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த எஃகு ஸ்கேலைத் தொட்டது. இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன்காரர்களின் ஸ்கேலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் துளி பெரியதாகவே இருக்கும். போதாததற்கு, பிறகு மெஷினில் தேய்ப்பதற்காக ஓரத்தில் கொஞ்சம் கனம் விட்டும் வைப்பார்கள். இங்கே டேப்பில் அளந்த மகராசன், பட்டறையில் அந்த ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, கைப்பழக்கத்தில் கனமும் விட்டிருக்கிறான். இரும்பாக இருந்தால் சுருங்கிச் சரியாக வந்திருக்கும். தேக்குக்குச் சுருங்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

"ஏனுங்க தம்பி, இது எச்சா நிக்குதுங்களே?" என்றார் பாலுசாமி.

"தப்பு என்ற மேலதானுங்க ஐயா. ஃபவுண்டரி ஸ்கேல்ல கோடு போட்டுப்போட்டேனுங்க."

பம்ப் கம்பெனிக்காரருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் புரிந்துவிட்டால் கோபம் வராதா என்ன? "நாளான்னைக்கு விசேசமுங்க! ஊரே வந்து பாக்கும்!" என்று நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஒரு விரல் கனம் ஒரு விரல் கனம்தான்.

நின்று நின்று முழங்கால் கடுத்த மாரியாத்தாள், இவர்கள் பஞ்சாயத்து ஓய்வதாகத் தெரியவில்லை என்று பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்துவிட்டார். அது பழைய நாற்காலி.

அவர் பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்தன. முழங்கைகள் நாற்காலிக் கைகளின் மேல் தாமாகவே போய் அமர்ந்தன.

"அடி ஆத்தா! இத்தன வருசமாத் தொடைச்சு வெச்சேன். இப்படி இருக்கும்னு ஒருத்தருஞ் சொல்லலியே!"

"அம்மணி, அது என்ற சேரு..." என்று இழுத்தார் பாலுசாமி.

"நீங்க அதுல உக்காருங்க மாமா."

பாலுசாமி முறைத்துக்கொண்டே புதியதில் உட்கார்ந்தார். பழையதில் அவர் இடுப்பைத் திருகித் திருகி நுழைக்க வேண்டியிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. இப்போது உடம்பு தாராளமாக இறங்கியது. "அப்பாடா" என்ற சத்தம் அவரைக் கேட்காமலே வெளியே வந்தது. கயல்விழி சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்போ இது இனி என்ற சேருங்க" என்றார் மாரியாத்தாள்.

பாலுசாமி கொஞ்ச நேரம் வழக்காடலாமா என்று யோசித்தார். இருந்த சுகத்தில் விட்டுவிட்டார். "தம்பி, அந்த ஸ்கேலத் தொலைச்சுப்போடாதீங்க. என்ற மச்சான் என்னைய விட ஆள் பெருசு. அவருக்கும் ஒண்ணு, இதே தப்போட செஞ்சுபோடுங்க."

ரூபன் கயல்விழியைப் பார்த்தான். அவள் கண் கலங்கிச் சிரித்தாள். பிழைத்தார்கள்.

"கண்ணு, அளக்கறப்ப நீங்க இந்தச் சேர்ல உக்காந்து பாத்தீங்களா?" என்று மாரியாத்தாள் திடீரென்று கேட்டார்.

ரூபன் மண்டியிட்டு அளந்திருக்கிறான், தரையில் படுத்து அளந்திருக்கிறான். உட்காரவில்லை. அவன் அப்பா இவர்கள் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் கட்டியவர். உட்காரு என்று இங்கே யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

"இல்லீங்கம்மா."

மாரியாத்தாள் எழுந்தார். "வந்து உக்காருங்க."

ரூபன் உட்கார்ந்தான். நடு முதுகில், டேப் பிடித்தபோது தெரியாத ஓர் இடத்தில், வளைவு அவனைத் தாங்கிக்கொண்டது. கடல் தாண்டி யாரோ ஒரு தச்சன் இதற்காக எத்தனை முறை இழைத்துப் பார்த்திருப்பான்! அவன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான்.

அவன் நிமிர்ந்தபோது பாலுசாமியும் எழுந்து, கயல்விழியைக் கை காட்டிப் புதிய நாற்காலியில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் இருவரும் நிற்பதைப் பார்த்ததும் ரூபன் பதறிப்போய் எழப் பார்த்தான்.

"எந்திரிக்காதீங்க தம்பி" என்றார் பாலுசாமி. "ரெண்டு பேரும் உக்காந்தே இருங்க. காப்பி வருது."