இல்லாத கோழி

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். அடைக்கோழி உடம்பெல்லாம் உப்பிக்கொண்டு தொண்டைக்குள் உறுமியது. மணிக்கட்டில் ஒரு கொத்து விழுந்தது. வலித்தாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டிலின் மேல் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி வீட்டார் நோயாளியைப் பார்க்க வருகிறார்களாம். மழையில் கிளம்பியும் விட்டார்களாம். சம்பந்தியம்மாள் மருந்துக் கடை நடத்துகிறவர். மகளுக்கு இடம் பேசப் போனபோது, அந்த வீட்டுத் தரையில் கால் வைக்கவே இவளுக்குக் கூசியது. அப்படி ஒரு துப்புரவு. இங்கே என்னடாவென்றால் கட்டிலுக்கு அடியில் கோழி. அதுவும் அடைக்கோழி. எப்போதோ ஒருமுறை எழுந்து தின்று, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாகப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். கோழி வளர்க்கிறவர்களே மூக்கைப் பொத்திக்கொள்கிற நாற்றம்.

அவளாகக் கொண்டுவந்து வைத்த கோழி இல்லை அது. அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அங்கே அவருக்கு ஸ்பேனர் என்றுதான் பெயர். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் தங்கை வீட்டுப் பின்னறையிலேயே காலத்தை ஓட்டியவர். நுரையீரல் கெட்டு அவர் படுத்த பிறகு, கொல்லையில் திரிந்த கோழி ஒன்று உள்ளே வந்து, கிரீஸ் துடைக்கிற பழந்துணிக் கூடையில் ஏறி உட்கார்ந்தது. விரட்டினாள், திரும்ப வந்தது. அண்ணன்தான், அதுக்கு அடைப் புத்தி வந்துட்டுது, முட்டை வெச்சுக் குடு பாப்பா என்றார். இவளுக்கு ஐம்பது வயதாகியும் அவருக்கு இன்னும் பாப்பாதான். அன்றிலிருந்து படுத்தபடியே டார்ச் அடித்து, எந்த முட்டையில் கரு கூடியிருக்கிறது, எது கூமுட்டை என்று பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

அவள் புருஷன் கேலி பேசுவான். "மச்சானும் அடையில இருக்காரு, கோழியும் அடையில இருக்கு. யாரு முதல்ல எழுந்திரிக்கிறாங்கன்னு பாப்போம்."

அண்ணன் சிரிப்பார், சிரிப்பு இருமலாக மாறும். "நான் கூமுட்டை, மாப்ளே. நீங்க கோழி மேலயே பந்தயம் கட்டுங்க."

அடையில் இருக்கிற கோழியைப் பகலில் இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் அடை கலைந்துவிடும். கோழியோடு வளர்ந்தவள் அவள். இது தெரியாமல் இல்லை. இன்றைக்கோ நாளைக்கோ பொரிக்கிற முட்டைகள் என்பதும் தெரியும். வந்து போகிற வரைக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி கொல்லைக் கொட்டகைக்கு ஓடி, ஒரு மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தாள். அண்ணனைப் புரட்டிப் புது விரிப்பு மாற்றினாள். அவர் பாதி விழிப்பில் ஏதோ முனகிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார்.

சம்பந்தியம்மாள் நல்ல மனுஷி. செருப்பை வாசலிலேயே விட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நேரே பின்னறைக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று விசாரித்தார். இவளுக்கு மனசு நிம்மதியாகி வந்த நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார். எல்லாரையும் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கட்டிலுக்கு அடியில் சத்தமில்லை.

"பாப்பா, கோழி எங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு. "எந்தக் கோழிண்ணே? இங்க ஏது கோழி?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சம்பந்தியம்மாள் பக்கம் குனிந்து, மருந்து மயக்கம், அப்பப்ப இப்படித்தான் இல்லாததை எல்லாம் பேசறார் என்றாள். தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனாலும் கட்டிலில் படுத்திருக்கிறவருக்குக் கேட்காத அளவுக்குத் தணியவில்லை அது. கதவருகே நின்ற புருஷன் எதையோ சொல்ல வந்து விழுங்கினான். மகள் ஈரத் தரையைப் பார்த்தாள்.

அந்த மாத்திரை அப்படித்தான் செய்யும், கடைக்கு வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நீங்கள் பயப்படாதீர்கள் என்றார் சம்பந்தியம்மாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது நினைத்திருப்பாள். அவர் பார்வையில் கோபம் இல்லை. சின்ன வயதில் அவள் எதையாவது உடைத்துவிட்டு நின்றால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு வந்தவர் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"கட்டிலுக்கு அடியில கோழி அடை காக்கற மாதிரி கனவு கண்டேன் போல இருக்கும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்ன இருக்கு?" என்றார் சம்பந்தியம்மாள். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "எங்கம்மா கட்டிலுக்கு அடியிலதான் அடை வெப்பாங்க. நாங்க அதுக்கு மேலயே படுத்துத் தூங்குவோம். அந்த நாத்தம்கூட எனக்குப் பிடிக்கும், சொன்னா சிரிப்பீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோழி கொட்டகையில் இருக்கிறது, உங்களுக்குக் கூச்சப்பட்டுத் தூக்கிப்போனேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். ஆனால் புத்தி தெளிவாக இருந்த மனுஷனைப் புத்தி கலங்கியவர் என்று சொன்னதையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கும். அவள் சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள்.

மழை விடவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டு, பேசி, மழை கொஞ்சம் தூறலாகிற வரை காத்திருந்து கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனையில் திரும்பக்கூட இல்லை, இவள் கொல்லைக்கு ஓடினாள்.

கோழி கதவோரம் நடந்துகொண்டிருந்தது. திறந்ததும் அவளைத் தாண்டி வெளியே ஓடியது. கூரை எங்கேயோ ஒழுகி, தண்ணீர் நேராகக் கூடையில் சொட்டியிருந்தது. ஊறிப்போன துணிக்கு நடுவில் முட்டைகள் கூழாங்கற்கள்போல் சில்லென்று கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அந்த ஈரத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாளோ. புருஷன் தேடிக்கொண்டு வந்து பார்த்தான். அப்புறம், அவரு உன்னைக் கூப்பிடறாரு என்று மட்டும் சொன்னான்.

கோழி முற்றத்து ஓரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பிடித்து உட்கார வைத்தாள்; எழுந்து ஓடியது. அடை தெளிந்துவிட்டது அதற்கு. முட்டைகளைத் திரும்ப அடுக்கி, கோழி இல்லாமலே கூடையைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அண்ணனுக்கு மூச்சு மாறியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

"வெச்சுட்டியா?"

"வெச்சாச்சுண்ணே."

"உக்காந்துடுச்சா?"

"உக்காந்துடுச்சு."

"ஒரு முட்டையைக் குடு. குஞ்சு உள்ள கத்த ஆரம்பிச்சிருக்கும்."

அவள் கீழே குனிந்து, ஒரு முட்டையை எடுத்து, அவர் பார்க்காதபடி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். ஓடு மட்டும் கொஞ்சம் சூடேறிற்று. கொடுத்தாள். வாங்கியவர் முதலில் அதைக் கன்னத்தில் வைத்தார். கோழி வளர்த்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கைக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் காதில் வைத்தார். அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குது பாப்பா," என்றார் அண்ணன். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் சொன்னார். "நல்லா கேக்குது."

"ஆமாண்ணே," என்றாள்.

அவரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். விளக்குப் போடுவதற்குள் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. புருஷன்தான் அவருடைய விரல்களைப் பிரித்து முட்டையை எடுத்து அவள் கையில் வைத்தான். இத்தனை நேரம் அவர் கைக்குள் இருந்ததில் அது வெதுவெதுவென்று இருந்தது.

மறுநாள் காலையில் பணிமனை ஆட்கள் வேலைச் சட்டையோடு வந்துவிட்டார்கள். கூடத்திலும் வாசலிலும் நாற்காலி போதவில்லை. நரைத்த மீசை டிரைவர் ஒருவர், ஸ்பேனர் பானெட்டைத் திறக்கவே மாட்டான், காதை வெச்சே எந்த வால்வுன்னு சொல்லிடுவான், அவன் காதுகிட்ட எந்த என்ஜினும் பொய் சொல்ல முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடலின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டாள்.

சம்பந்தியம்மாள் விடிந்ததும் வந்து, அழுது, வந்தவர்களுக்கு இடம் ஒதுக்கி, எல்லாம் தன் வீடுபோலப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவம், கடைசியில நினைவு தப்பிடுச்சு. இல்லாத கோழியைத் தேடினாரு."

பக்கத்து வீட்டுக்காரி உச்சுக்கொட்டினாள். ஆனால் டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "யாருக்கு? ஸ்பேனருக்கா நினைவு தப்பிடுச்சு?" கேட்டவர் பார்த்தது இவளை. அவரோடு சேர்ந்து கூடம் முழுக்க இவளைப் பார்த்தது.

"கோழி இருந்துச்சு," என்றாள்.

"என்னம்மா?"

"கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அவருக்கு நினைவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

புருஷன் வெளியே வண்டிக்காரனோடு நின்றிருந்தான். மகள் கதவோரம் நின்றாள். அவள் வாயைத் திறந்தாள், மாமியாராகப் போகிறவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

சம்பந்தியம்மாள் எழுந்து வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். கை இதமாக இருந்தது. கண்ணில் அத்தனை இரக்கம்.

"சரிம்மா," என்றார். "இருந்துச்சு. இருந்துச்சு."

பிறகு அவள் தலைக்கு மேலாக மற்றவர்களிடம் சொன்னார், தணிந்த குரலில்தான்: "ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல, பாருங்க. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

டிரைவர் மெல்லத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால், இவள் டம்ளரை வாங்கி, அடிவரைக்கும் குடித்தாள்.