சனிக்கிழமைச் செக்காட்டி

ஹசாஜி நாகாவ்கர் தம் ஊரில் இருந்த பேனே இஸ்ராயேல் என்ற யூத மக்களுக்கு முகாதம், அதாவது தலைவர். பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், 'சனிக்கிழமைச் செக்காட்டி' என்ற பெயரை ஒழித்ததுதான். ஓய்வு நாளான சனிக்கிழமையானால் மாட்டை அவிழ்த்துவிட்டுச் செக்கை நிறுத்திவிடுகிற கூட்டம் என்று கொங்கணக் கரை முழுக்க அவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான ஹசாஜிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தபோது வீடு வீடாகப் போய் மல்லுக்கு நின்று, எல்லோரையும் 'இஸ்ராயேல்' என்று மட்டும் எழுத வைத்தார். அப்போது என்ன பெருமை அவருக்கு!

அந்தப் பெருமைதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. அவர்களுடைய இடுகாட்டை உப்பளக்காரர் ஒருவர் ஜில்லாவை ஆண்ட வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டிருந்தார். பழைய மானியப் பத்திரத்தில் அந்த நிலம் 'சனிக்கிழமைச் செக்காட்டிகளுக்கு' என்று இருந்தது. கணக்கிலோ அப்படி ஒரு ஜனமே ஊரில் இல்லை. ஹசாஜி கொடுத்த மனு விசாரணையில் தோற்றால் ஒரு மாதத்தில் கல்லறைகளைக் காலி செய்ய வேண்டும். அங்கே ஹசாஜியின் மகள் லேயா இரண்டு வருஷமாகப் படுத்திருக்கிறாள்.

"பேரு பிடிக்கலைன்னு அழிச்சீங்க. இப்போ பொண்ணைத் தோண்டி எங்க கொண்டுபோறது?" என்றாள் அவர் மனைவி ரிபக்காபாய்.

துரை குறித்திருந்த நாளும் சனிக்கிழமையாக வாய்த்தது. தொழுகை முடிந்து, மாந்தோப்பில் போட்டிருந்த கூடாரத்துக்கு எல்லோரும் நடந்தே போனார்கள். வழி நெடுக மைத்துனர் சமாஜி வாயை மூடவில்லை.

"மச்சான், இன்னைக்காவது செக்காட்டின்னு ஒத்துக்குவீங்களா? இல்ல ராஜ வம்சம்னு சொல்லப் போறீங்களா?"

"சும்மா வாடா," என்றார் ஹசாஜி.

துரை மராட்டி நன்றாகவே பேசினார். "உனக்குச் செக்கு இருக்கா?"

"இல்லீங்க. எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு."

"கணக்குல செக்காட்டின்னு ஒருத்தர்கூட இல்லையே?"

"நான்தான் வேண்டாம்னேன், துரை. தப்பு என்னோடதுதான்."

"சரி, அதையே எழுதிக் கையெழுத்துப் போடு. இன்னைக்கே போடணும். இல்லேன்னா மனுவைத் தள்ளிடுவேன்."

குமாஸ்தா காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். ஹசாஜியின் கை மடியிலேயே கிடந்தது. லேயாவின் முகம் கண் முன்னால் வந்தது. ஆனாலும் கை எழவில்லை.

"இன்னைக்கு எங்க ஓய்வு நாள். பேனா தொடக்கூடாது, துரை."

"உன் நிலம்தானே போகப்போகுது?"

"என் பொண்ணு அங்கதான் இருக்கா. ஆனாலும் இன்னைக்குத் தொடமாட்டேன்."

பின்னால் சமாஜி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா குல்கர்ணி குபீரென்று சிரித்துவிட்டார்.

"மன்னிக்கணும் துரை. செக்காட்டி யாருன்னு இன்னுமா தேடணும்? பெத்த பொண்ணோட குழியே போகுதுன்னாலும் சனிக்கிழமை பேனாவைத் தொடமாட்டேங்கிறார் மனுஷன். இந்த ஜில்லாவுல வேற யாருங்க இப்படி இருக்காங்க?"

துரை ஹசாஜியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே பேனாவை எடுத்து, நிலம் இவர்களுடையதுதான் என்று எழுதினார்.

"நாளைக்கு என் ஓய்வு நாள், நானும் பேனா தொடமாட்டேன்," என்றார். "திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு."

ஹசாஜிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்தவரைச் சமாஜி கட்டிக்கொண்டு அழுதார். இத்தனை நேரம் கிண்டல் பண்ணினவர்தான்!

திங்கட்கிழமை காலை, கையெழுத்துக்குக் கீழே யார் என்று எழுத வேண்டிய இடத்தில், 'சனிக்கிழமைச் செக்காட்டி' என்று ஹசாஜி கொட்டை எழுத்தில் எழுதினார். அங்கிருந்து நேரே இடுகாட்டுக்குப் போய், மகளின் கல்லறைக் கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"தூங்கும்மா," என்றார். "யாரும் உன்னை எழுப்பமாட்டாங்க."