திங்கட்கிழமைக்கு வைத்திருந்த கல்யாணம்

எல்லையில் சண்டை மூளும் என்று செய்திகளில் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. சனிக்கிழமை மதியம் ஏற்காட்டில் மாதா கோவில் மண்டபத்தில் பழைய போர்க்காலப் படம் ஒன்றைத் திரையிட்டார்கள். கடைசி வரிசையில் ஸ்டெஃபியும் எல்வினும் இருந்தார்கள். எல்வின் ராணுவத்தில் சிப்பாய், லீவில் வந்திருந்தான். திங்கட்கிழமை அவர்களுக்குக் கல்யாணம்.

திரையில், போர்முனைக்குப் போகும் சிப்பாய் காதலியிடம் சொல்லாமலே ரயிலேறினான். அப்போது எல்வினின் போன் அதிர்ந்தது. பார்த்தவன் சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"யாருங்க?"

"சும்மா. சிநேகிதன்."

அதற்குப் பிறகு அவன் முகம் மட்டும்தான் திரைப்பக்கம் இருந்தது, கவனம் படத்தில் இல்லை. ஸ்டெஃபி அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

"லீவ் கேன்சலுங்களா?"

தலையாட்டினான். "அஞ்சு மணி பஸ்ஸைப் புடிக்கோணும். சேலத்துல ரயிலு. கல்யாணம் தள்ளியே இருக்கட்டும் ஸ்டெஃபி. எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா நீ..."

"படத்துல அவன் பண்ணுனதத்தான் நீங்களும் பண்றீங்க. என்னக் கேக்காமயே முடிவு பண்ணிட்டீங்க."

மணி மூன்றரை. மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. ஸ்டெஃபி நேராக ஃபாதரிடம் போனாள். "இப்பவே கல்யாணம் பண்ணி வைங்க ஃபாதர்." எல்வினும் "ஆமாங்க ஃபாதர்" என்றான்.

அவர் இருவர் முகத்தையும் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

வீட்டில், ஸ்டெஃபியின் அம்மா ஜெயமேரி தாலி வைத்திருந்த பீரோ முன்னால் மறித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாங் கண்ணு. அவரு நல்லபடியா திரும்பி வரட்டும். உங்கப்பன் செத்துப்போனப்ப எனக்கு இருபத்தாறு வயசு. அது என்னன்னு எனக்குத் தெரியும்."

"அப்பாவக் கட்டாமயே இருந்திருக்கலாம்னு என்னைக்காச்சும் நெனச்சியாம்மா?"

 ஜெயமேரி திரும்பி பீரோவைத் திறக்கப் பார்த்தாள். சாவி இரண்டு முறை தவறியது. தாலியை எடுத்துக்கொண்டு அவளே கோவிலுக்கு நடந்தாள்.

சேதி கேட்டு எல்வினின் அப்பா மாரமங்கலத்திலிருந்து ஜீப்பைப் பிடித்து வந்து சேர நாலரை ஆனது. எல்வின் தாலி கட்டினான். ஐந்து மணி பஸ்ஸில் ஸ்டெஃபியும் ஏறி, சேலம் வரைக்கும் கூடப் போனாள். 

பன்னிரண்டு நாள் எல்வினிடமிருந்து போன் வரவில்லை.  பதிமூன்றாம் நாள் காலை, ஸ்டெஃபி குளிக்கும்போது போன் அடித்தது. ஜெயமேரிதான் எடுத்தாள். புது நம்பர்.

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

பதிலைக் கேட்டாள். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"கண்ணு, மாப்பிள்ளை. நல்லா இருக்கறாராம்."