பாஸ்டனில் மாறிய ஓட்டு

1788-இல், அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டத்தை எங்கள் மாநிலமான மாசசூசெட்ஸ் ஏற்கக் கூடாது என்று ஓட்டுப் போடத்தான் எங்கள் ஊர் எனோக்கைப் பாஸ்டன் மாநாட்டுக்கு அனுப்பியது. அவரோ ஏற்கலாம் என்று ஓட்டளித்துவிட்டு வந்தார். மதுக்கடையில் அவருடைய மைத்துனர் சைலஸ் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான், பாஸ்டன் வக்கீலுங்க ஊத்திக் குடுத்த ஒயின்ல மயங்கிட்டீங்களா?"

"இப்ப ஏத்துக்கிட்டா, சட்டத்தை அப்புறமா திருத்தறோம்னு வாக்கு குடுத்திருக்காங்கப்பா."

"கல்யாணம் ஆனப்புறமா மாப்பிள்ளையைத் திருத்துவாங்க?"

எனோக்குக்கு முகம் சிவந்தது. "ஒரு மாசம் உக்காந்து ரெண்டு பக்கமும் கேட்டேன். கேக்கவே கூடாதுன்னா என்னை ஏன் அனுப்பினீங்க? 'வேண்டாம்'னு ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே!"

"போட்டிருக்கலாம். அது பேச்சு மாறியிருக்காது."

கடையே சிரித்தது. எனோக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பின் எந்த ஊர்க்கூட்டத்திலும் அவர் வாய் திறக்கவில்லை.